இரண்டு கிலோ எண்ணூறு கிராம்

குழந்தை இறந்த மறு வருஷம், டிசம்பர் இரண்டாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு, பெட்டிக்காரியின் இரண்டு கைகளும் விண்விண்ணென்று வலிக்கத் தொடங்கின. அன்று மாலை வேலை முடிந்து வெளியே போகும்போது, காலையில் உள்ளே வந்ததைவிட அவள் இரண்டு கிலோ எண்ணூறு கிராம் கூடுதலாக இருந்தாள். அது தெரிய வந்ததற்குக் காரணம், கிறிஸ்துமஸ் மாதத்தில் அவள் வேலை பார்த்த பார்சல் கிடங்கில் சரக்கோடு ஆட்களையும் எடை போடுவார்கள். பொம்மையும் கைக்கடிகாரமும் சென்ட் பாட்டிலும் மலைமலையாக வந்து இறங்கும் மாதம். முந்தின வருஷங்களில் அதில் கொஞ்சம் ஆட்களின் இடுப்போடு வெளியே போயிருந்தது. அதனால் உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை எடை மேடையில் ஏறி இறங்க வேண்டும். தின்ற சோற்றுக்கும் குடித்த தண்ணீருக்கும் அரைக் கிலோ வரை சலுகை. அதற்கு மேல் போனால் ஓரமாக நிற்க வேண்டியதுதான். நாள் முழுக்க அட்டைப்பெட்டி மடித்து ஒட்டுகிற அவள் ஓரமாக நின்றாள். காவல்காரம்மா அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மூன்று தடவை தடவிப் பார்த்தாள், கொண்டையை அவிழ்த்து உதறினாள், செருப்பைக் கழற்றித் தட்டினாள். ஒன்றுமில்லை. மேடையில்தான் கோளாறோ என்று சூப்பர்வைசர் தானே ஏறி நின்றார். வழக்கமான எண்பத்தாறு.

"என்னத்தை எடுத்தேன்னு சொல்லிடும்மா. போலீஸ்கீலிஸ்னு போக வேண்டாம்."

"ஒண்ணும் எடுக்கலை சார். கைதான் வலிக்குது."

"கை வலிச்சா கனம் கூடுமா? அப்படிப் பார்த்தா உங்களையெல்லாம் கட்டி மேய்க்கிற எனக்கு லாரி கனம் இருக்கணும்."

எடைமேடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்து பிள்ளைகளின் அப்பா அவர். இரண்டு எண்ணூறு என்று தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அவள் இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கி வைத்திருந்த விதத்தைப் பார்த்தார். "சார், விட்டுடுங்க. இது திருட்டு எடை இல்லை, பிறந்த எடை" என்றார். முதல் வாரத்தில் அந்தக் கனம் இருநூறு கிராம் குறைந்தது. பிறந்த பிள்ளைகள் முதலில் இளைத்துத்தான் தேறும் என்று அவருக்குத் தெரியும், அதனால் யாரும் பயப்படவில்லை. பிறகு நாளுக்கு இருபது, முப்பது கிராமாக ஏறியது. இருபத்து நாலாம் தேதி பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மொத்தமாக இல்லாமல் போனது. மறு டிசம்பரில் அதே நாள், அதே நேரம் திரும்ப வந்தது.

நடந்தது இவ்வளவுதான். பெண் குழந்தை, இருபத்திரண்டு நாள் இருந்தது. அவள் புருஷன் லாரிக்காரன். டிசம்பரில் இரட்டை நடை அடிப்பவன். குழந்தை பிறந்த அன்று ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சரக்கு முற்றத்தில் வரிசையில் நின்றிருந்தான். தினமும் போனைக் குழந்தையின் காதில் வைக்கச் சொல்லி ஏதேதோ பேசுவான். பண்டிகைச் சரக்கை இறக்கிவிட்டு இருபத்தைந்தாம் தேதி காலையில் வந்துவிடுவதாகத் திட்டம். இருபத்தோராம் தேதி குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. இருபத்து நாலு பிற்பகலில் மூச்சு நின்றது. கல்லறைத் தோட்டத்து ஆட்களுக்கு அன்று சாயங்காலத்திலிருந்து இரண்டு நாள் விடுமுறை. இப்போது விட்டால் இருபத்தேழுதான் என்றார்கள். ஐந்தரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை, வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு தொங்கிய தெருவில், முன் இருக்கையில் குழந்தை குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டியை வைத்துக்கொண்டு அவன் வந்து இறங்கினான். வாசலிலேயே அவள் சொன்னாள்: "சுமந்தது நான், பெத்தது நான், புதைச்சது நான். கையில தூக்காதவருக்கு அழ என்ன இருக்கு?"

கண்ணில் வந்துவிட்டதை அவன் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் சண்டை போட்டதையும் யாரும் பார்க்கவில்லை. வருஷத்தில் பதினொரு மாதம் எல்லா வீட்டையும் போல உப்புக் குறைவு, வாடகை, கொசு என்று பேசிக்கொண்டு இருந்தார்கள். டிசம்பர் பிறந்ததும் இருப்பதிலேயே நீளமான நடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் போய்விடுவான். அவள் பண்டிகை கொண்டாடுவதில்லை. கோவில் பக்கம் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தால் விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொள்வாள்.

மூன்றாவது வருஷம் நெட்டையக்கா அந்தக் கனத்தைக் கேட்டாள். பெட்டிக்காரிக்கு எதிர்மேசையில் டேப் ஒட்டுகிறவள், கிடங்கிலேயே உயரமானவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். ஒரு கையில் பிள்ளைக் கனத்தோடு மறு கையால் பெட்டி மடித்துத் திணறுகிறவளைப் பார்க்கப் பொறுக்காமல், "இங்கே கொடுடி, நான் கொஞ்ச நேரம் வச்சிக்கிறேன். நீ கையை உதறிட்டு டீ குடிச்சிட்டு வா" என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கையை நீட்டினாள். நீட்டிய கை தணிந்தது. எடை மேடையில் பார்த்தபோது இவள் மூன்று கிலோ குறைந்திருந்தாள், நெட்டையக்கா மூன்று கிலோ கூடியிருந்தாள். அன்றிலிருந்து டிசம்பரில் முறை வைத்துத் தூக்கினார்கள். சூப்பர்வைசர்கூட அவள் சாப்பிடும் நேரத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் கத்த முடியாது என்பதால் அந்த அரைமணி நேரம் கிடங்கு அமைதியாக இருந்தது, உடைகிற சரக்கும் குறைந்தது. பிறகு வெளியேயும் பரவியது. டீக்கடைக்காரர் வாங்கினார், பஸ் கண்டக்டர் இரண்டு நிறுத்தம் தூக்கி வந்தார், செருப்புத் தைக்கிறவர் மடியில் வைத்துக்கொண்டே ஒரு ஜோடி தைத்து முடித்தார். யார் கேட்டாலும் அவள் கொடுத்தாள்.

பங்க்கில் டீசல் போடுகிறவன் சொல்லித்தான் அது லாரிக்காரன் காதுக்கு வந்தது. "உன் பொண்ணைப் போன வாரம் நான்கூட வச்சிருந்தேன்யா. நல்ல கனம். கொடுத்து வச்சவன் நீ." அப்படியா என்று சொல்லிவிட்டு அவன் டீசல் மூடியைத் திருகினான். ஜனவரியில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பங்க்கில இருக்கிறவன்கூடத் தூக்கினானாம்."

"ஆமா. கேட்டாரு, கொடுத்தேன்."

அவன் கேட்கவில்லை. அவள் கொடுக்கவில்லை. இப்படியே வருஷங்கள் போயின. நெட்டையக்கா திட்டிப் பார்த்தாள்.

"ஊர்ல நாய் பிடிக்கிறவன்வரைக்கும் தூக்கியாச்சு, பெத்த அப்பனுக்கு மட்டும் கிடையாதா? நல்லா இருக்குடி உன் நியாயம்."

"அவரு கேட்கட்டும்க்கா."

"கேட்கிற வாயைத்தான் நீ வாசல்லயே தைச்சு அனுப்பிட்டியே. எதை வச்சுக் கேட்பான்?"

பன்னிரண்டாவது டிசம்பரில், இருபதாம் தேதி, கோவிலுக்கு வர வேண்டிய மெழுகுவர்த்திப் பெட்டி வேறு வண்டியில் ஏறிவிட்டதென்று பாதிரியார் கிடங்குக்கே தேடி வந்தார். மறதிக்காரர், அவசரக்காரர். சைக்கிள் சாவியைக் காதில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறவர். தன் மடக்கிய கையையே அவர் நின்று பார்ப்பதைப் பார்த்து, அப்போது முறைக்குத் தூக்கியிருந்த நெட்டையக்கா, "ஒரு நிமிஷம் பிடிங்க ஃபாதர்" என்று கனத்தை அவர் கையில் வைத்துவிட்டு அவர் பெட்டியைத் தேடப் போனாள். பெட்டி கிடைத்தது. ஒரு பையன் அதைச் சைக்கிளில் கட்டினான். பாதிரியார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு போயே போய்விட்டார். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆள் எடையை வைத்துத்தான் மாலையில் கண்டுபிடித்தார்கள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டிக்காரி வேறு வழியில்லாமல், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, கோவில் வாசலில் செருப்பை விட்டாள்.

பாதிரியார் ஒரு கையை நெஞ்சோடு மடக்கி வைத்துக்கொண்டு மறு கையால் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். பாலன் படுக்க வேண்டிய தீவனத் தொட்டி காலியாக இருந்தது. மாதா முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் சூசையப்பர், ஒரு முழ உயரம், மூக்கில் சுண்ணாம்பு உதிர்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. இறக்கி வைக்க மனசு வரலை. கடவுள் நம்மைச் சுமக்கிறாருன்னு முப்பது வருஷமாப் பிரசங்கம் பண்றேன். வந்தப்போ அவரு நம்மளைத்தான் தூக்கச் சொல்லியிருக்காரு. தலையே நிக்காத பிள்ளையா வந்திருக்காரு. கை வலிச்சப்புறம்தான் எனக்கு உறைக்குது."

அவள் சூசையப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு கை ஏன் இப்படி வெறுமனே நீட்டிக்கிட்டு இருக்கு?"

"விளக்குப் பிடிச்சிருந்தாரு. எப்பவோ உடைஞ்சு போச்சு. வேற வாங்கணும், மறந்து மறந்து போகுது."

"அந்தப் பிள்ளையைச் சுமந்ததுல இவருக்குப் பங்கே இல்லையே, ஃபாதர்."

"இல்லை."

"ஆனா இவரும் தூக்கியிருப்பாரு இல்ல?"

"தூக்காமலா? அந்தம்மா கொடுத்திருப்பாங்க" என்றார் அவர், ஆட்டுக்குட்டிகளைத் துடைத்துக்கொண்டே. அந்தம்மா கேட்டபிறகு கொடுத்தாளா, கேட்காமலே கொடுத்தாளா என்று அவள் கேட்கவில்லை. கனத்தை வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வழியில் மூன்று பேர் கையை நீட்டினார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பன்னிரண்டு வருஷம் நெஞ்சில் சுமந்த கோபத்தைக் கீழே வைத்தால் அப்புறம் தனக்கென்று என்ன மிஞ்சும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இருபத்து நாலாம் தேதி மதியம் ஒன்றரைக்குப் போன் செய்தாள்.

"வண்டி எங்க நிக்குது?"

"ஆத்துப் பாலம் தாண்டியாச்சு. ஏன்?"

"நாலு மணிக்குள்ள கிடங்குக்கு வர முடியுமா?"

அந்தப் பக்கம் வண்டியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான்: "நாலு மணின்னா எப்படி? மூணு நாப்பதுக்கு முன்னாடி வரணும்."

அவள் அந்த நிமிஷக் கணக்கு தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

மூன்று இருபத்து நாலுக்கு லாரி நான்காம் இறக்குமேடையில் வந்து நின்றது. அவன் கீழே குதித்தான், கிரீஸ் படிந்த கையைச் சட்டையில் துடைத்தான், போதாதென்று தண்ணீர் கேட்டுக் கழுவினான். கழுவிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அப்போதும் அவன் கேட்கவில்லை. அவள் கிட்டே போய் அவன் இடது முழங்கையைப் பிடித்து மடக்கினாள். "தலை இங்க. தலையைத் தாங்கிக்கணும்" என்று கொடுத்தாள். மூட்டை தூக்கித் தழும்பேறிய தோள் அரை அங்குலம் இறங்கியது.

"நல்ல கனமா இருக்காளே" என்றான்.

"மூணு கிலோ. இன்னிக்குக் காலையில பார்த்தது."

"நான் ஏதாவது சொல்லணுமா இவகிட்ட?"

"பேசுங்க. உங்க குரல் தெரியும் அவளுக்கு. போன்ல கேட்டிருக்கா."

அவன் குனிந்தான். "அப்பா வந்துட்டேன்டா. வண்டி லேட்டாயிடுச்சு" என்றான். அதற்கு மேல் வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாசலில் உள்ளே இழுத்துக்கொண்டது அத்தனையும் இப்போது வெளியே வந்தது. சுமைக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள், சூப்பர்வைசர் கன்வேயரை அணைக்கச் சொன்னார். மூன்று நாற்பதுக்கு அவன் தோள் தானாக மேலே வந்தது. கையை மட்டும் நாலு மணி வரை அவன் பிரிக்கவில்லை. பிறகு வண்டியில் இருந்ததை இறக்கினார்கள். பண்டிகைச் சரக்கு, காத்திருக்காது.

மறுநாள் காலைப் பூசைக்கு இருவரும் போனார்கள். இரண்டு நாள் தூங்காத அவன், பிரசங்கம் தொடங்கியதும் அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான். அவள் எழுப்பவில்லை. அந்தக் காலையில் அவளுக்குக் கர்த்தர் பிறந்தார் என்பதன் பொருள் அவ்வளவுதான். ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போக வேண்டிய ஒன்று வந்திருக்கிறது. அவள் அழுதாள். ஆனால் எழுந்து வெளியே போகவில்லை.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து லாரிக்காரன் டிசம்பரில் உள்ளூர் நடை மட்டும் ஓட்டுகிறான். இரண்டாம் தேதி பதினொன்று பத்துக்கு இருவரும் எடை மேடைப் பக்கம் நிற்பார்கள். வெளியே போகும் ஆட்களில் அவ்விருவருக்கு மட்டும் மூன்றரைக் கிலோ சலுகை என்று எடைமேடைக்காரர் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார், புதிதாக வருகிறவர்களும் ஏன் என்று கேட்பதில்லை. இப்போது அவன் நிறையவே தூக்குகிறான். ஆனாலும் அவன் தூக்காமல் போன பதினொரு டிசம்பர்கள் இருக்கின்றன. கொடுக்காமல் விட்டவள் அவள்தான், அந்தக் கடனை அவள் அவனுக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.