இராமசாமி செத்த விதம்

கொரியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து போதகர் கஜேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் அவர்கள் நாட்டுப் பிரெஸ்பிடேரியன் சபை தகரக் கூரை போட்டு ஒரு ஜெபக்கூடம் கட்டி ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்தில் என்ன முன்னேற்றம் என்று பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள்.

முன்னேற்றம் என்று சொன்னால், ஞானஸ்நானம் எடுத்தது நாலு குடும்பம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அங்கே நடக்கும் எழுத்து வகுப்புக்கு வருவது பதினாலு பேர். அந்தப் பதினாலில் பதினொரு பேர் வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்துகிறவர்கள். அவர்களில் இருளாயியும் ஒருத்தி.

இருளாயிக்கு ஐம்பத்தேழு வயது. புருஷன் இராமசாமி போன பிறகு, வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வரிசையில் தன் அறைக்குத் திரும்பினால் நாலு சுவரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வகுப்புக்குப் போக ஆரம்பித்தவள். முதல் மூன்று மாதம் 'அ'வே அவளைப் பார்த்துச் சிரித்தது. கத்தி பிடித்துக் காய்ப்பேறின விரலுக்குள் பென்சில் நிற்கவில்லை. விடாமல் போனாள். இப்போது வேதாகமத்தில் மாற்குவின் பாதிவரை வந்திருக்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும்.

வருகிறவர்களுக்கு முன்னால் சாட்சி சொல்ல கஜேந்திரன் அவளைத்தான் பிடித்தார். நாலு குடும்பத்து ஆட்களும் பேச எழுந்தால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள். இருளாயிக்கு வாய் உண்டு. இராமசாமியைப் பற்றியும் வகுப்பைப் பற்றியும் நாலு வார்த்தை தமிழில் சொன்னால் போதும், சிங்களத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். கொரியாக்காரர்களை அழைத்து வருகிற பார்க் ஐயா எட்டு வருஷம் கொழும்பில் இருந்து சிங்களம் படித்தவர். அவருக்குத் தமிழ் வராது.

கஜேந்திரன் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தப் பக்கம் மலைக்கு மலை தமிழ்தான். சிங்களம் தெரிந்த ஆளைத் தேட வேண்டும்; அவரே வளர்ந்த பிறகுதான் அதைப் படித்துக்கொண்டார். இங்கே அப்படியில்லை. கடைக்காரன், பஸ்காரன், ஆஸ்பத்திரி நர்ஸ், பக்கத்துக் கிராமம் எல்லாம் சிங்களம். குழந்தை நடக்கப் பழகும்போதே இரண்டு பாஷையும் பழகிவிடும். தோட்டத்துச் சனங்கள் அவரிடம் தமிழில் மட்டுமே பேசியதால், அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று மனிதர் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேமராவை வைத்தார்கள். பார்க் ஐயா பக்கத்தில் இரண்டு விருந்தாளிகள். எதிரே நீளப் பலகை வாங்குகளில் வகுப்புக்காரர்கள். இருளாயி முன்னால் வந்து நின்று சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு பேரு இராமசாமி. சனிக்கிழமைன்னா குடிப்பாரு, இல்லேங்கல. குடிச்சா பாடுவாரு, பாடிட்டுத் தூங்கிருவாரு. அஞ்சு வருசத்துக்கு முன்ன பெரிய மழ. மேல தண்ணி ஓடுற கான் அடச்சுக்கிட்டு, தண்ணி லயத்துக்குள்ள வரப் பாத்துச்சு. இவரு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போயி கான வெட்டி விட்டாரு. தண்ணி திரும்பிருச்சு. மண்ணு சரிஞ்சு அவரு மேல விழுந்துருச்சு. நாங்க தோண்டி எடுத்தப்ப மம்பட்டி கையிலயே இருந்துச்சு."

அதற்கு மேல் வகுப்பைப் பற்றிச் சொல்ல வந்தாள். கஜேந்திரன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் ஆரம்பித்தார். இந்த அம்மாவின் புருஷன் பெரும் குடிகாரன், தினமும் இவளை அடித்து நொறுக்குவான், பேய்களுக்கு ஆடு வெட்டிப் படைப்பான், கடைசியில் ஒரு மழைநாளில் குடிவெறியில் கானில் விழுந்து செத்தான், அதன் பிறகுதான் இவள் இருளை விட்டு வெளிச்சத்துக்கு வந்தாள் என்றார். பார்க் ஐயா தலையை ஆட்டியபடி நோட்டில் எழுதினார். விருந்தாளிப் பெண்மணி கைக்குட்டையை எடுத்தார்.

வாங்குகளில் ஒரு சலசலப்பு. இருளாயியோடு ஒரே மலையில் பால் வெட்டுகிற மல்லிகா எழுந்தே விட்டாள். இருளாயி அவளைப் பார்த்து உட்கார் என்று சாடை காட்டினாள். பிறகு பார்க் ஐயாவின் பக்கம் திரும்பி, பஸ்ஸில் மீதிக் காசு கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

"மாத்தயா, ஏக பொரு."

ஐயா, அது பொய் என்று அவள் சிங்களத்தில் சொன்னதும், எது பொய் என்று பார்க் ஐயா அதே பாஷையில் கேட்டார். எல்லாம் பொய் என்றாள் இருளாயி. தான் தமிழில் சொன்னதை ஒரு சொல் விடாமல், குடித்தது முதல் மம்பட்டி வரை, தெளிவான சிங்களத்தில் சொன்னாள். அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை, ஒரே ஒருதரம் கையை ஓங்கினார், பால் வாளியால் நான்தான் ஒன்று வைத்தேன் என்றதும் வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. அதை அடக்கிவிட்டு மேலே சொன்னாள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒன்பது பேர் அந்த லயத்தில் இருந்தவர்கள், அவர் போகாவிட்டால் இவர்கள் இன்றைக்கு இல்லை, கேட்டுப் பாருங்கள்.

பார்க் ஐயா கேட்டார். ஒவ்வொருவராகச் சிங்களத்தில் சொன்னார்கள். கஜேந்திரன் காது சிவக்க நின்றார்.

கடைசியில் பார்க் ஐயா, அப்படியானால் நீங்கள் ஆண்டவரை ஏற்றுக்கொண்டீர்களா என்றார். இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் இருளாயி. அவர் கேமராவை நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கஜேந்திரன் மலைக்கே வந்துவிட்டார். பளபளப்பான சப்பாத்தில் சேறு அப்பியிருந்தது. இருளாயி மரத்தில் கத்தியை ஓட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். நேற்று நடந்ததற்குப் பார்க் ஐயா எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறாராம். இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்துவிடுமாம்.

இருளாயி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். மரத்தில் சாய்ந்து நின்று எழுத்தெழுத்தாய் வாசித்தாள். ரொம்ப நேரம் எடுத்தது. கணவனை நினைத்த துக்கத்தில் புத்தி குழம்பி நான் இரண்டு விதமாய்ப் பேசிவிட்டேன், போதகர் நான் சொன்னதைத்தான் சொன்னார் என்று அதில் எழுதியிருந்தது.

"எனக்குப் புத்தி கொழம்பலியே ஐயா."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம சபைய மாதிரி இன்னும் ரெண்டு தோட்டத்துல இருக்கு. அங்கெல்லாம் நூறு பேரு, இருநூறு பேருன்னு காட்டுறாங்க. நான் நாலு குடும்பத்த வச்சுக்கிட்டு என்னத்தக் காட்டுறது? அவங்க கைய விட்டா வகுப்பும் போயிரும். உங்களுக்குத்தான் நட்டம்."

"உங்க கஷ்டம் எனக்கு வெளங்குது. அதுக்கு எம் புருசன ஏன் குடிச்சு விழுந்து சாகச் சொல்றீங்க?"

அவர் சப்பாத்துச் சேற்றை ஒரு வேரில் தேய்த்தார். கையெழுத்து இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். குரல் ஏறவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

இருளாயிக்கு முதலில் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. மாற்கு பாதியில் நிற்கிறது. இந்தத் தோட்டத்தில் பெரிய ஆட்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேறு யாரும் வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை. தாளை ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தாள். மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"மண்ணு விழுந்து செத்தாருன்னு எழுதிக்கிட்டு வாங்க. அதுல போடுறேன். எம் பேர முழுசா, அழகா போடுறேன்."

"அத எப்படிம்மா நான் அவருக்குக் குடுக்கிறது?"

"அது உங்க பாடு."

கஜேந்திரன் தாளைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினார். ஈரச் சருகில் இரண்டு தரம் வழுக்கி மரத்தைப் பிடித்தார். அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த மல்லிகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"என்னக்கா, படிப்பு அவ்வளவுதானா?"

"யாரு சொன்னா? நாளைக்கிப் போறேன். அந்த வாசல்ல உக்காரப் போறேன். எந்திரிச்சுப் போன்னு சொல்லட்டும் பாப்போம்."

"தனியாவா?"

"நீ வந்தா ரெண்டு பேரு."

மல்லிகா சிரித்துக்கொண்டே பால் வடியும் சிரட்டையைத் துடைத்து மரத்தில் மாட்டினாள். வகுப்பில் மற்ற பன்னிரண்டு பேரிடமும் சாயங்காலமே சொல்லிவிடுகிறேன் என்றாள். வானத்தைப் பார்த்தால் பத்து மணிக்குள் மழை வந்துவிடும் போலிருந்தது. இருளாயிக்கு இன்னும் நூற்றுச் சொச்சம் மரம் பாக்கி. கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நடந்தாள்.