கைக்குட்டைக்குப் பின்னால் சார்

அக்காவின் துகள்களுக்குப் பொறுமை கிடையாது.

உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்த, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் அவை. உள்ளே மூட்டுவலி மருந்து. ஊசி வழியாக முழங்காலுக்குள் போனதும் உருண்டை மெல்லக் கரைந்து, மருந்தை நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஆய்வகத்தில், வெந்நீர்த் தொட்டிக்குள் ஆடிக்கொண்டிருந்த குப்பிகளிலோ, மருந்து முதல் நாளே கடையைக் காலி செய்துவிடும். சில நாள் மட்டும் சமர்த்தாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் அவள் ஆராய்ச்சித் தலைப்பையே இழுத்து மூடிவிடுவார்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, சீனியர். அவளுக்குக் குப்பி கழுவிக் கொடுக்க அனுப்பப்பட்ட கடைசி வருட மாணவனை எல்லோரும் ரேடியோ என்பார்கள். அணைக்கும் பொத்தான் வைக்க அவன் பெற்றோர் மறந்திருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது ரேடியோதான்.

"கவனிச்சீங்களாக்கா? சார் வர்ற நாள்லதான் எல்லாம் ஊத்திக்குது."

வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் குக்கர். குப்பிகளைத் திறந்து மாதிரி எடுக்கும் நேரமாகப் பார்த்து வந்து நின்று, நீராவி தீரும்வரை திட்டுவார்.

"அதனால?"

"எச்சில்க்கா! ரொட்டியை மென்னா இனிக்குதில்ல? எச்சில்ல இருக்கற நொதி மாவுச்சத்தை உடைக்குது. உங்க உருண்டையும் மாவுதானே. சார் திட்டறப்போ தூறல் போட்டா தாங்குமா?"

அக்கா சிரிக்கவில்லை. "அதை அவர்கிட்ட யாரு சொல்றது? எனக்கு வாய் வராதுப்பா."

"வாய் விஷயம்னா என்கிட்ட விடுங்க."

விட்டாள். ரேடியோ சார் அறைக்குப் போய், முகத்தில் சின்னச் சுளிப்பும் இல்லாமல் சொன்னான்: "சார், அக்கா ஆராய்ச்சியில உங்க பங்களிப்பு கொஞ்சம் நேரடியாவே விழுது சார். குப்பியில."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து உதட்டோரம் துடைத்துக்கொண்டார்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசறேனா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை மட்டும் ரேடியோ விடுதியில் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் நடித்தே காட்டினான்.

மறுநாள் சார் ஆய்வக வாசலைத் தாண்டவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, "எல்லாம் சரியா போகுதாம்மா?" என்றார். குரல் அடுத்த வீட்டுக்காரருடையது போல இருந்தது. அந்தப் பக்கமாகப் போன முதலாண்டுப் பெண்கள் இருவர், சிரிப்பை அடக்க, தங்கள் வாயையும் பொத்திக்கொண்டார்கள். சார் அதைப் பார்த்தார். பார்க்காதது போலப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ரேடியோ வழக்கம்போலச் சாராக மாறி, திறந்த குப்பிகளின் மேல் குனிந்தான். "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சி! இதுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு! உஸ்ஸ்ஸ்!" அக்காவும் வழக்கம்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மாலையில் அளவு பார்த்தபோது சிரிப்பு போயிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சில குப்பிகளை அவள் மாலைவரை திறக்காமலே வைத்திருந்தாள். அவற்றில் மருந்து பத்திரமாக உள்ளேயே இருந்தது. திறந்தவற்றில் எல்லாம் வெளியே வந்திருந்தது.

"சார் உள்ளயே வரலையேடா."

"கைக்குட்டையில ஓட்டை இருந்திருக்கும்க்கா."

"ரேடியோ."

நிறுத்தினான்.

"ஒவ்வொரு தடவையும், சார் போனதும் நீ என்ன பண்ணுவ?"

ரேடியோ கையிலிருந்த குப்பியைக் கீழே வைத்தான்.

"அவர் வராத நாள்ல யாரைப் பண்ணிக் காட்டுவ?"

"யாரையும் இல்லக்கா."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நானும்தானே நின்னு சிரிச்சேன். சரி, மூடிவெச்சு மறுபடி ஓட்டிடலாம், வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடும். நான் தப்பிச்சேன். அவரு?"

சார் அறையில் தனியாகத்தான் இருந்தார். அப்போதும் கைக்குட்டை கையில். ரேடியோவைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சொல்லுப்பா. இன்னும் தள்ளி நிக்கணுமா?"

வரும் வழியில் அவன் ஒரு நல்ல வரி தயார் செய்திருந்தான். அதைச் சொல்லவில்லை.

"நீங்க இல்ல சார். நான்தான்."

"என்ன நீ?"

எப்படி என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல, குக்கரையும் சொல்ல வேண்டியிருந்தது. காது கொதிக்கச் சொல்லி முடித்தான். ஒரு வசவு கிடைத்தால் போதும் என்றிருந்தது. கிடைக்கவில்லை.

"சரி, போ," என்றார் சார். கைக்குட்டை இறங்கவில்லை.

வெளியே அந்த முதலாண்டுப் பெண்கள் வழிமறித்தார்கள். "அண்ணா, குக்கர் பண்ணிக் காட்டுங்கண்ணா!"

"அது அவர் இல்லம்மா. என் எச்சில். நான்தான் தப்பா சொல்லிட்டேன்," என்றான் ரேடியோ.

ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, இதுவும் அவன் நடிப்புதான் என்று, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.