இருபதாம் இலக்கத்துக்குப் பிறகு

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. மெரின் பைபஸின் அறை என் அறைக்கு எதிரே இருக்கிறது. அவள் கணிதம், நான் புள்ளியியல். நடுவில் ஒரு நடைவழியும், எப்போதும் பழுதான ஒரு காப்பி இயந்திரமும். ஒரு மதியம் ஹோபார்ட் துறைமுகத்துப் படிக்கட்டில், மாவுக்குள் சிப்பிக்கறி வைத்துச் சுட்ட பை ஒன்றைக் கையில் சிந்தாமல் சாப்பிட முயன்றபடியே முழுவதையும் சொன்னாள். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "எழுதணும்னா எழுதிக்கோ. ஆனா உன் பாஷையில எழுது. ஹோபார்ட்ல யாரும் படிக்க மாட்டாங்க" என்றாள்.

நிபந்தனையை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

மெரின் பைபஸ் அன்று அழு— (அழவில்லை. கேட்டுவிட்டேன்.)

மலையிலிருந்து இறங்கிய மேகம் நகரத்தின் மேல் ஈரத்துணியைப் போல— (வேண்டாம். மலைக்கு இந்தக் கதையில் வேலை எதுவும் இல்லை.)

ஒரு எண் இருந்தது.

இதை வைத்துக்கொள்கிறேன். உண்மையிலேயே ஒரு எண் இருந்தது. சுழியம், ஒரு புள்ளி, அதன் பிறகு முடிவே இல்லாத இலக்கங்கள். ஒரு கடினமான தொகையீட்டின் விடை அது. கணிதத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்ட ஏழு பழைய எண்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தகுந்த ஒரு முழு எண்ணால் பெருக்கிக் கூட்டினால் இந்தப் புது எண் வந்துவிடும் என்று மெரினுக்கும் அவளோடு சேர்ந்து ஆராயும் கணிதத்துறைக் கூட்டாளி கோஸ்டா வலியானோஸுக்கும் சந்தேகம். இருபது வருடச் சந்தேகம். அந்த ஏழு முழு எண்கள் எவை என்பதுதான் கேள்வி. அவற்றைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் புது எண்ணின் இலக்கங்களைத் தீனியாகப் போட வேண்டும். நிறையப் போட வேண்டும். கோஸ்டா ஆயிரம் இலக்கம் கேட்டான். துறையின் பெரிய கணினியில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் தொள்ளாயிரத்தோடு தீர்ந்தது. அதற்கே ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

(இங்கே ஒரு மொழிச் சிக்கல். மெரினுக்கும் கோஸ்டாவுக்கும் அறுபது நெருங்குகிறது; முறைப்படி 'அவர்' போட வேண்டும். போட்டுப் பார்த்தேன். உடனே இருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே அவள், அவன். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் தமிழாகத்தான் விழுகிறது. கோஸ்டா எல்லோரையும் 'மேட்' என்று அழைப்பான். அதற்கு நண்பா, மச்சான், ஐயா, தலைவா எல்லாம் வைத்துப் பார்த்துக் கைவிட்டேன்.)

3

ஒரு வியாழக்கிழமை மென்பொருள் அந்த ஏழு முழு எண்களைத் துப்பியது. ஏழும் மூன்று இலக்க எண்கள். சின்னவை, சுத்தமானவை. தொள்ளாயிரம் இலக்கமும் கடைசி வரை பொருந்தின. மெரின் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள், மறுபடி மூடினாள். அதுதான் அவள் கொண்டாட்டம்.

கோஸ்டாவின் கொண்டாட்டம் வேறு மாதிரி. வெள்ளிக்கிழமைக் காலை தேநீர் அறையில் ஒரு பெரிய கேக். மேலே பச்சைக் க்ரீமில் ஏழு எண்களும். அதைப் போட்டோ எடுத்து ஆக்லாந்து, மெல்போர்ன், ஏதென்ஸ் எல்லாம் அனுப்பினான். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். எனக்கு வந்தது ஒரு ஒன்பதின் பாதி.

"மேட், இது என்னோட கடைசி பேப்பர்" என்றான் என்னிடம். வருடக் கடைசியில் அவன் ஓய்வு பெறுகிறான். "இனிமே மீன் பிடிக்கறதுதான். மீனுக்கு நிரூபணம் கேக்க மாட்டாங்க."

கட்டுரை அன்று மாலையே ஆய்விதழுக்குப் போயிற்று.

4

மறுநாள் சனிக்கிழமை, மின்கம்பி மாற்றுவதற்காகக் கட்டடத்தில் மின்சாரம் நிறுத்தப்போவதாகப் பல வாரமாகவே கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தொள்ளாயிரம் இலக்கங்கள் அப்போது கணினியின் நினைவில் மட்டும் இருந்தன. வெள்ளி இரவு மெரின் அவற்றைச் சேமிக்க உட்கார்ந்தாள்.

சேமிக்க இரண்டு வழி. ஒன்று, எண் உள்ளே எப்படி இருக்கிறதோ அப்படியே, மென்பொருளுக்கு மட்டும் புரியும் வடிவத்தில். இன்னொன்று, சாதாரண எழுத்தாக, மனிதன் படிக்கும்படி. முதல் வழியில் மெரினுக்கு ஒரு பழைய கசப்பு உண்டு: மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததும் பழைய கோப்புகள் திறக்க மறுத்திருக்கின்றன. எழுத்து அப்படி ஏமாற்றாது. நூறு வருடம் கழித்தும் எவரும் திறந்து படிக்கலாம். எழுத்தாகவே சேமித்தாள். கோப்பு உருவானதாகத் திரை சொன்னது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

5

திங்கள்.

"கோஸ்டா, இங்க வா."

"என்ன?"

"இதைப் பாரு."

"பார்த்தேன். நம்ம எண்ணு. அழகா இருக்கு."

"கீழ போ."

அவன் கீழே போனான். முதல் இருபது இலக்கங்கள் சரியாக இருந்தன. அதற்குப் பின்னால் பூஜ்யம். அதற்குப் பின்னாலும் பூஜ்யம். கட்டுக்கட்டாக, வரிவரியாக, ஒழுங்காக.

"இன்னும் கீழ?"

"கடைசி வரைக்கும் அதான். ஃபைல்ல இருக்கறது இருபது. மிச்சத்தை இது பூஜ்யம் போட்டு ரொப்பிக்குது."

கோஸ்டா கண்ணாடியைக் கழற்றினான். "ஒருவேளை எண்ணே அங்க முடியுதோ?"

"முடிஞ்சா நாம ரெண்டு பேரும் ரொம்பப் பெரிய ஆளுங்க. முடியல."

கோஸ்டா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"திரையில இருபது இலக்கம் மட்டும் காட்டினாப் போதும்னு யாரு மாத்தி வெச்சிருந்தது? இன்னைக்குத்தான் நான் ஏத்தி வெச்சேன்" என்றாள் மெரின்.

"நான்தான். எறும்பு ஊர்ற மாதிரி திரை பூரா ஓடிக்கிட்டிருந்துச்சு. கண்ணு வலி. ஆனா அது காட்டறதுக்கு மட்டும்தானே?"

"எழுதறதுக்கும் அதே அளவுதானாம்."

"யாரு சொன்னா?"

"கையேட்டுல இருக்கு."

"கையேட்டை யாரு படிக்கறா?"

மெரின் அதைப் படித்தது அன்று காலையில்தான்.

6

தொள்ளாயிரம் போனால் போகிறது, இருபது இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கு மெரின் செய்து காட்டியதைச் சொல்கிறேன். அந்த இருபது இலக்கத்தை மட்டும் மென்பொருளிடம் கொடுத்து, ஏழு முழு எண்களைக் கேட்டாள். கொடுத்தது. வேறு ஏழு. இன்னொரு முறை கொஞ்சம் மாற்றிக் கேட்டாள். இன்னொரு ஏழு. எல்லாம் இருபது இலக்கம் வரை கச்சிதமாகப் பொருந்தின. கையில் மூன்று இலக்க எண்கள் ஏழு இருந்தால், இருபது இலக்கமுள்ள எந்த உடம்புக்கும் சட்டை தைத்துவிடலாம். பொருந்துகிறது என்பதில் அதிசயம் இல்லை.

ஆக, உலகத்தில் அந்தக் கண்டுபிடிப்புக்கு மிஞ்சிய ஆதாரம் ஒரு கேக்கின் புகைப்படம்.

அதற்கு அடுத்த வாரம் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மதிப்பாய்வாளருக்குக் கட்டுரை மிகவும் பிடித்திருக்கிறது. தானே சரிபார்த்துக்கொள்ள, தொள்ளாயிரம் இலக்கங்களும் உள்ள கோப்பை அனுப்ப முடியுமா?

7

யோசனை கோஸ்டாவுடையது. ஆனால் இரண்டு நாளாக மெரினும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் [என்று நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை. சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் நான் நிரப்பியது].

"ஏழு எண்ணும் நமக்குத் தெரியும். பெருக்கு, கூட்டு. தொள்ளாயிரம் என்ன, ஒன்பதாயிரம் இலக்கம் வரும்."

மெரின் விசைப்பலகையில் தட்டினாள். ஒரு வருடம் பிடித்தது இப்போது கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. கோப்பு. முதல் இருபது இலக்கங்கள் அதே. பின்னால் ஒரு பூஜ்யக் கட்டும் இல்லை. உயிருள்ள எண்ணைப் போலவே எல்லா இலக்கங்களும் முண்டியடித்துக்கொண்டு ஓடின. அதை மென்பொருளில் ஏற்றி ஏழு முழு எண்களைக் கேட்டாள். சரியான ஏழும் உடனே வந்தன. வராமல் எங்கே போகும்.

"பாத்தியா?" என்றான் கோஸ்டா. "அனுப்பிடு."

"இது நாம கணக்குப் போட்டது இல்ல."

"அதே இலக்கம், மெரின். தொலைஞ்சு போன அதே இலக்கம். ஒண்ணு மாறாது."

"ஃபார்முலா சரியா இருந்தா."

"சரியா, இல்லையா? நீயே சொல்லு. கண்ணால பார்த்தியே."

"சரின்னுதான் நினைக்கறேன்."

"அப்புறம் என்ன?"

"அது சரியான்னு பாக்கத்தான்டா அந்த ஆளு ஃபைலைக் கேக்கறாரு! அதுலேருந்தே ஃபைலைச் செஞ்சு அனுப்பினா அவர் எதைப் பாப்பாரு?"

கோஸ்டா நாற்காலியில் சாய்ந்தான். பிறகு, கேக் கொண்டுவந்த ஆள்தானா என்று தோன்றும் குரலில் சொன்னான்: "முப்பது வருஷத்துல நான் சொன்னதுல பாதி தப்பாப் போச்சு. உனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். இது ஒண்ணு சரி. போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, மெரின்."

[மெரின் அப்போது அவன் கைகளைப் பார்த்தாள். இருபது வருடம் ஒரே பலகையில் எழுதி ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்த கைகள்.]

(அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிட நினைக்கிறேன். நன்றாக இருக்கிறது, அதனால்தான். அவள் பிற்பாடு செய்ததிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இங்கே இப்படி நினைத்திருப்பாள் என்று நானே செய்து வைத்தது. பொருந்தத்தான் செய்யும்.)

8

இந்த இடத்தில் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. மெரின் கோப்பை அனுப்புகிறாள். மதிப்பாய்வாளர் சரிபார்க்கிறார், அற்புதமாகப் பொருந்துகிறது. கட்டுரை வெளியாகிறது. கோஸ்டா மீன் பிடிக்கப் போகிறான். சூத்திரம் உண்மையிலேயே சரியாகவும் இருக்கிறது. எவருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இந்த முடிவில் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

ஆ. அனுப்புகிறாள். பல வருடம் கழித்து யாரோ ஒரு மாணவி— (நிறுத்திவிட்டேன். மாணவி எங்கிருந்து வந்தாள்?)

நடந்தது இவ்வளவு பரபரப்பானதல்ல. மெரின் ஆய்விதழுக்கு எழுதினாள்: இலக்கங்கள் தொலைந்துவிட்டன, தவறு எங்களுடையது, மறுபடி கணக்கிடும் வரை கட்டுரையை நிறுத்தி வையுங்கள். கோஸ்டாவுக்கு ஒரு பிரதி. கோஸ்டா அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்து, அவள் கதவைத் திறந்து, "நன்றி, டாக்டர் பைபஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். இருபது வருடத்தில் முதல் 'டாக்டர்'. அந்தச் சத்தம் என் அறைக்குக் கேட்டது. பிறகு மெல்போர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான்.

பெரிய கணினியில் இனி நேரம் கிடைக்காது. மெரின் வீட்டில், கையில் காப்பியுடன், முதல் முறையாக ஒரு எளிய கேள்வி கேட்டாள்: தொள்ளாயிரம் எதற்கு? இருபது போதாது, சரி. அறுபது இருந்தாலே தற்செயலுக்கு இடமில்லையே. அறுபது இலக்கத்துக்கு ஒரு வருடம் வேண்டாம். வீட்டுக் கணினியே சில வாரத்தில் போட்டுவிடும். தொள்ளாயிரம் என்பது கோஸ்டாவின் ஆயிரத்தில் மிஞ்சியது. ஆயிரம் என்பது, கேட்க நன்றாக இருந்தது.

இது முன்பே தோன்றாமல் போனது எப்படி என்று கேட்டேன். "பெரிய மெஷின் கெடைச்சா பெரிசாத்தான் தோணும்" என்றாள்.

துணி துவைக்கும் அறையில், உலர்த்தும் இயந்திரத்தின் மேல், கணினியை வைத்து ஓடவிட்டாள். காட்டும் அளவு, எழுதும் அளவு, இரண்டையும் கையேட்டை வைத்துக்கொண்டே சரிபார்த்தாள். சேமிப்பதை இரண்டு வழியிலும் சேமிக்கச் சொன்னாள். மூன்றாவதாக அச்சிடவும்.

கோஸ்டாவுக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'அறுபது ஓடிக்கிட்டிருக்கு.' பதில் வரவில்லை.

9

கணக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கீரையும் சீஸும் வைத்துச் சுட்ட பை ஒரு தட்டு நிறைய ஏந்தி, வாசலில் கோஸ்டா நின்றான்.

"தங்கச்சி குடுத்தா" என்றான். "எனக்கு இன்னும் கோபம் போகல."

"சரி. உள்ள வா."

"இன்னைக்கு முடியும்னு கணக்குப் போட்டுத்தான் வந்தேன்."

"தெரியும்."

துணி அறையில் இரண்டு பேர் நிற்க இடமில்லை. சலவைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு கோஸ்டா அதன்மேல் உட்கார்ந்தான். புதிதாக அச்சான தாள் அவன் கையில். சூத்திரத்திலிருந்து செய்த இலக்கங்கள் மெரின் கையில், அவள் மட்டும் பார்க்கும்படி. அந்தக் கோப்பை அவள் அழிக்கவில்லை. அழிப்பதில் பொருளும் இல்லை; ஏழு எண்ணும் தெரிந்த எவனும் ஒரு நொடியில் திரும்பச் செய்துகொள்வான்.

"நீ படி" என்றாள். "அறுபதும் படிக்கணும். நடுவுல நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது."

"ஏன்?"

"பொருந்தினா பாதியிலயே எழுந்து குதிப்ப. பொருந்தலைன்னா பாதியிலயே மெஷினைக் குறை சொல்லுவ."

"நீ?"

"நானும்தான்."

கோஸ்டா படிக்கத் தொடங்கினான். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் மெரின் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, "அடுத்தது" என்றாள். முதல் இருபதும் எல்லாருக்கும் தெரிந்தவை. இருபதாவதைப் படித்துவிட்டு அவன் நிறுத்தினான். தாளைத் தொடையில் வைத்தான், உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடி எடுத்தான்.

10

அடுத்த இலக்கம் என்ன என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டில் மெரின் சொன்னாள். அதை இங்கே எழுதியும் பார்த்தேன், இரண்டு விதமாகவும். பொருந்திய விதத்தில், அதற்கு முன்னால் உள்ள ஒன்பது பகுதிகளும் அதை நோக்கியே நடந்து வந்ததாகத் தெரிந்தது. பொருந்தாத விதத்திலும் அப்படியே தெரிந்தது. முடிவு தெரிந்த பிறகு எழுதியவை அவை. எந்த முடிவுக்கும் சாட்சி சொல்லும். என் பேச்சை நம்பி நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அந்த அறையில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்ததை மட்டும் கொடுக்கிறேன்.

கோஸ்டா இருபத்தோராவது இலக்கத்தைப் படித்தான். படித்துவிட்டு, கூடாது என்று சொல்லியிருந்தும், தலையைத் தூக்கி மெரினின் முகத்தைப் பார்த்தான். அவள் தன் தாளைப் பார்த்தாள். பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

"மெரின்?"

"அடுத்தது" என்றாள்.