கரடி குளித்த வாரம்

கிரேன்காரம்மாவின் கை நிதானத்தைப் பற்றி யாரும் மிகைப்படுத்திச் சொன்னதில்லை. துறைமுகத்தில் அவள் கிரேன் ஓட்டிய காலத்தில், கீழே நிற்கும் மேஸ்திரியின் டீ கிளாசுக்குள் கொக்கியை இறக்கிச் சர்க்கரை கலக்கிக் கொடுப்பாள் என்று மட்டும்தான் பேச்சு. அதுவும் தினமும் இல்லை, காற்றில்லாத நாட்களில்தான். ஒருமுறை கப்பலிலிருந்து ஒரு பியானோவை இறக்கினாள். அந்தரத்தில் ஆடி வந்து தரையில் உட்காரும்வரை அதன் ஒரு கட்டைகூட முனகவில்லை. உள்ளே படுத்திருந்த பூனையும் விழிக்கவில்லை. அசந்துபோன கப்பல் தலைவர், கண்ணாடிக் குப்பிக்குள் கட்டிய சின்னக் கப்பல் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊர்வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த நிதானம் முழுவதும் வீட்டு ஷோகேசுக்கு வந்து சேர்ந்தது.

ஷோகேஸ் முன்னறைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் குப்பிக் கப்பல் இருந்தது. அவள் கல்யாணத்துக்குத் தங்கை கொடுத்த பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து இருந்தது. அதைக் கொத்த வந்து ஜன்னல் கண்ணாடியில் முட்டிய குருவிகளுக்குக் கணக்கில்லை. ஒரு கண்ணாடி அன்னம் இருந்தது. அதன் கழுத்து உடையும்போதெல்லாம், கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரான அவள் புருஷன், கொஞ்சம் தேய்த்துவிட்டு ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் கழுத்து குட்டையாகிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு முறை உடைந்தால் வாத்தாகிவிடும் என்ற நிலை. மேல்தட்டில், எல்லாரையும் முறைத்தபடி, கம்பளிக் கரடி. அதற்குப் பக்கத்தில் ஐஸ் குச்சிகளை ஒட்டிச் செய்த, உள்ளங்கையில் அடங்கும் நாற்காலி ஒன்று.

வருஷா வருஷம் குளிர் விலகி, முதல் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி முன்னறைத் தரையில் விழுகிற வாரத்தில், அவள் இதையெல்லாம் இறக்கிக் கழுவி, ஒட்டுவதை ஒட்டி, நிறம் போனதற்கு நிறம் பூசி, திரும்ப ஏற்றுவாள். அந்த வாரத்தில் அவளிடம் யாரும் எதற்கும் போகமாட்டார்கள். போனால் கையில் துணியைக் கொடுத்துவிடுவாள்.

இந்த வருஷம் அந்த வெயிலோடு கூடவே மகனும் வந்தான்.

மகன் வீடுகளை வடிவமைப்பவன். பெற்றோர் குடியிருக்கும் இந்த வீட்டையும் அவன்தான் இடித்துத் திருத்தி, சுவரெல்லாம் பால் வெள்ளையாக்கியிருந்தான். ஷோகேஸ் மட்டும் அவன் கைக்குத் தப்பியது. அதைத் தூக்க வந்த நாளில் அம்மா அதன்மேல் சாய்ந்தபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாலைவரை நறுக்கினாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை பத்திரிகையிலருந்து இந்த வீட்டைப் போட்டோ எடுக்க வர்றாங்க," என்றான். "பெரிய பத்திரிகை. இதுல வந்துட்டா நான் எங்கேயோ போயிடுவேன்."

"நல்லா வரட்டும்டா."

"ஆனா வீடு காலியா இருக்கணும்."

"நாங்களுமா?" என்றார் அப்பா, கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமல்.

"நீங்க சமையலறையில இருந்தாப் போதும்ப்பா. இங்க ஒரு வெள்ளைச் சுவர், ஒரு நாற்காலி, ஒரு இலை. அவ்வளவுதான். அதுதான் இப்ப வீடு."

"நாற்காலி ஒண்ணுதானா? அப்ப நானும் உங்கம்மாவும் முறை வச்சு உக்காரணுமா?"

மகன் சிரிக்கவில்லை. ஷோகேசைப் பார்த்தான். கரடி அவனைப் பார்த்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். "இந்தச் சாமானெல்லாம் ரெண்டே ரெண்டு நாளைக்கு என் குடோன்ல இருக்கட்டும்மா."

"வாசல்ல தொங்கின மணித்திரையும் ரெண்டு நாளைக்குன்னுதான்டா போச்சு," என்றாள் அம்மா. "நீ கல்யாணம் பண்ணின வருஷம் போனது. உன் பொண்ணு இப்ப சைக்கிள் ஓட்டுறா."

"அது பத்திரமா இருக்கும்மா."

"யாருக்கு? எலிக்கா?"

மகன் எழுந்துகொண்டான். "வியாழக்கிழமை காலையில லாரி வரும். அவங்களே கட்டி எடுத்துப்பாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் சொல்லாமல் போயிருக்கலாம். கிரேன்காரம்மா பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

"ஒண்ணும் செய்ய வேண்டாமாம்," என்றாள் புருஷனிடம், கதவு சாத்தியதும்.

"கேட்டுச்சு."

"வாசப்படி தாண்டினா திரும்பி வராதுங்க. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். இப்ப என்ன செய்யப்போற?"

"கழுவப்போறேன்," என்றாள்.

துறைமுகத்தில் சட்டங்கள் நிறைய இருந்தன. கடலே மதித்த சட்டம் ஒன்றுதான்: ஈரச் சரக்கை ஏற்றக் கூடாது. ராஜாவே வந்தாலும் காய்ந்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

வியாழக்கிழமை லாரிக்காரர் அட்டைப் பெட்டிகளோடு படியேறி வந்தபோது, முன்னறை முழுக்கப் பழைய துண்டுகள் விரித்திருக்க, அவற்றின்மேல் ஷோகேஸ் சாமான்கள் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தன. திராட்சை ஜன்னல் கம்பியில் தொங்கிச் சொட்டியது. அன்னம் நாற்காலியில். நடுவில் சோப்பு நுரை பொங்கும் அண்டா. அண்டாவுக்குப் பின்னால் கிரேன்காரம்மா.

"எல்லாம் ஈரமா இருக்கேம்மா," என்றார் லாரிக்காரர்.

"ஆமா."

"எப்பக் காயும்?"

"வெயிலைத்தான் கேக்கணும்."

"ஈரத்தோட கட்டினா பூஞ்சை பிடிச்சிடும். அப்புறம் எங்க தலையிலதான் விடியும்."

"அதைத்தான் அண்ணே நானும் சொல்றேன். நீங்க தொழில் தெரிஞ்சவரு."

மதியம் வருகிறேன் என்று போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் கடிகாரக்காரர் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் பயிருக்குப் பாய்ச்சுவதுபோல் பாய்ச்சினார். மதியம் லாரிக்காரர் வந்தபோது அன்னத்தின் மூக்கில் ஒரு சொட்டு நின்றது. சாயங்காலம் வந்தபோது அதே இடத்தில் அதே சொட்டு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, நான் கேக்கலை, நீங்களும் சொல்ல வேண்டாம்," என்றார். "எனக்கு வேற சவாரி இருக்கு." டீயைக் குடித்துவிட்டு, போகிற போக்கில் திராட்சைக் கொத்தில் அவள் விட்டிருந்த ஒரு மூலையைத் தானே துடைத்துவிட்டுப் போனார்.

பிடிவாதத்துக்குத் தொடங்கிய வேலைதான். ஆனால் கை தண்ணீரில் இறங்கியபின் கோபம் எங்கே நிற்கும்? குப்பியின் கழுத்துக்குள் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டு, கப்பலின் பாய்மரம் அசையாமல், ஒரு வருஷத்துத் தூசியைத் துளித்துளியாக வெளியே எடுத்தாள். உள்ளே கடல் நீலமாயிற்று. திராட்சையின் ஒவ்வொரு பழத்தையும் விரலால் உருட்டித் தேய்க்கத் தேய்க்க, கறுப்பு போய் ஊதா வந்தது. புருஷன் ஷோகேசின் தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, மகன் வேலை முடிந்து மிச்சம் வைத்துப் போன அதே பால் வெள்ளைப் பெயிண்டை உள்ளே அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீரும் பிரஷும் மட்டும் ஏதோ பேசிக்கொண்டன. சாமான்கள் நாளைக்கு இருக்குமா போகுமா என்று ஒரு பக்கம் கவலை இருந்தாலும், அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துதான் இருந்தது.

கடைசியில் கரடி மிஞ்சியது. கம்பளி சுருங்கிவிடும் என்று அதை மட்டும் எந்த வருஷமும் நனைத்ததில்லை, தட்டி வைப்பதோடு சரி. மகன் பிறந்தபோது, வீடு காலி செய்த ஒரு நிலக்கரிக் கடைக்காரரிடம் கடிகாரக்காரர் வாங்கி வந்தது.

"இதை விட்டா நாளைக்கு இது மட்டும் காய்ஞ்சிருக்கும்," என்றாள். "தனியாப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவான்." அண்டாவுக்குள் அழுத்தினாள்.

முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது. இரண்டாவது, காப்பி நிறம். மூன்றாவது தண்ணீரில் கரடியின் காது கீழே தொங்கியது. நான்காவதில் முடி சுருண்டது. ஐந்தாவதில் அது கத்தாத குறைதான்.

"ஏங்க," என்றாள், "இது ஆடுங்க."

கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் பரிசோதித்தார். "செம்மறி," என்றார். "வாங்கும்போது நான் கரடின்னு சொல்லலை. அவரும் சொல்லலை. பார்த்தவங்க சொன்னாங்க."

வெள்ளிக்கிழமை காலை மகன் போட்டோக்காரப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தான். கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டான். தரை, சோபா, ஜன்னல் விளிம்பு என்று கால் வைக்க இடமில்லாமல் சாமான்கள் பளபளத்தன.

"அம்மா! லாரி வரலையா?"

"வந்துச்சு. ஈரம்னு போயிடுச்சு."

"இது என் பிழைப்பும்மா!"

"இது என் வீடுடா."

"இதைப் பார்த்தா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. வீட்டுக்கு வந்தவங்க சிரிச்சா என்ன கெட்டுப்போச்சு?" அவள் எழுந்து நின்றாள். கையிலிருந்து நுரை சொட்டியது. "நீ கட்டின சுவரு நல்லாத்தான் இருக்கு. சாய்ஞ்சுக்கிறேன். ஆனா அதையே பார்த்துக்கிட்டு எத்தனை நாளைக்கு உக்காருவேன்? உனக்கு இது குப்பை. எனக்கு ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. என் கண்ணு மூடின பிறகு என்னவும் பண்ணு. அதுவரைக்கும் ஒரு திராட்சை வாசப்படி தாண்டாது."

மகன் வாயைத் திறந்தான். அப்போதுதான் மேசைமேல் இருந்த வெள்ளை உருவத்தைப் பார்த்தான்.

"இது யாரு?"

"உன் கரடி."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். சின்ன வயதில், கணக்குப் படிக்காவிட்டால் கரடி இறங்கி வரும் என்று கேட்டு வளர்ந்து, ராத்திரி தாகமெடுத்தால், இந்த அறையைத் தாண்ட பயந்து விடியும்வரை நாக்கு வறண்டு படுத்திருந்தவன். "இதுக்குப் பயந்தா நான் கணக்குப் பாடம் படிச்சேன்?"

"படிச்சியே," என்றார் அப்பா. "ஆடுன்னு தெரிஞ்சிருந்தா படிச்சிருப்பியா?"

போட்டோக்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், மதியத்துக்குள்ள எனக்கு இன்னொரு வீடு இருக்கு. ஒரு காலி இடம் கொடுங்க, போதும். பெருசா சின்னதாங்கிறது என் கேமராவுக்குத் தெரியாது."

அந்த வீட்டில் அன்று காலியாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தட்டுகள் கழற்றி, புதுப் பெயிண்ட் காய்ந்து, பக்கவாட்டு வெயில் சாய்வாக இறங்கிக்கொண்டிருந்த ஷோகேசின் உள்பக்கம்.

போட்டோக்காரப் பெண் அதைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். "நாற்காலி ஒண்ணு கிடைக்குமா, அம்மா?"

கிரேன்காரம்மா ஐஸ் குச்சி நாற்காலியை எடுத்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "இது வெளியில போகாதே?"

"அங்குலம் நகராதும்மா."

"அது நான்…" என்றான் மகன்.

"ரெண்டாங்கிளாஸ்ல செஞ்சே. எனக்காகன்னு கொடுத்தே. ஒரு கால் குட்டை," என்றாள் அம்மா. பியானோவை இறக்கிய அதே கை, மூச்சுப் படாமல் நாற்காலியை வெள்ளைத் தரையின் நடுவே இறக்கியது. அப்பா பற்பசை மூடியில் பால்கனிச் செடியின் ஓர் இலையை நட்டுக்கொண்டு வந்தார்.

பத்திரிகை வந்தது. அப்படியொரு விசாலத்தை இதுவரை கண்டதில்லை என்று எழுதியிருந்தார்கள். இந்த அறையில் மூச்சு விடவே தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், யாராவது மூச்சு விட்டால் நாற்காலி சாய்ந்துவிடும். அந்த ஒரு கால் குட்டையாக இருப்பதில் ஒரு துணிச்சல் தெரிகிறது, இதை வடிவமைத்தவர் யார் என்று கேட்டார்கள். மகன் நான்தான் என்றான். பொய் சொன்னதாக யாரும் அவனைச் சொல்ல முடியாது. பரிசு கொடுத்தார்கள். பிறகு ஊரில் பணக்காரர்கள் எல்லாரும் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து பழகினார்கள்.

மகன் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தான். "இதைச் சுவத்துல தனியா மாட்டணும்மா. சுத்தி எதுவும் இருக்கக் கூடாது."

"தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்," என்று சொல்லி, அவள் ஷோகேசைத் திறந்து, திராட்சைக்கும் அன்னத்துக்கும் நடுவே படத்தை வைத்தாள். பக்கத்தில் அதே நாற்காலி. அதன்மேல், தண்ணீரில் சுருங்கிப்போன ஆடு, பரிசு வாங்கியது தான்தான் என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் எல்லாரும் இன்னும் அதைக் கரடி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மகன் கீழே போய் வண்டியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டு வந்தான். உள்ளே மணித்திரை. எலிகள் பல தலைமுறையாக ஊஞ்சலாடியதில் மணிகள் மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன. அவள் ஒரு சரத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, புருஷனிடம் அண்டாவை எடுக்கச் சொன்னாள்.

மகன் தயங்கித் தயங்கி நின்றான்.

"இன்னும் என்னடா?"

"ஒரு பெரிய முதலாளிம்மா. அந்த அறையை நேர்ல பார்க்கணுமாம். நாளைக்கே வரேங்கிறார். நான் என்ன சொல்றது?"

"வரச் சொல்லு," என்றாள் கிரேன்காரம்மா, மணிகளை நுரையில் முக்கியபடி. "வாசல்ல இந்தத் திரை தொங்கும். தலை குனிஞ்சுதான் வரணும். உள்ள வந்ததும் நானே கண்ணாடியைத் திறந்து விடுறேன். கரடியைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லிட்டு, அவரும் உக்காந்து பார்க்கட்டும்."