சுளுக்கு இறங்குகிறது

கண்ணாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிப் புருசன் முதுகில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தும் விட்டாள்.

"சும்மா வையாத்தா. நோவுக்கு மிதிக்கறதுல என்ன பாவம்?" என்றார் பக்கத்தில் நின்ற மாமனார் செங்கோட்டையன்.

அவள் தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்பதில் எருமப்பட்டிப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. விடிந்தால் போதும், கிணறு வெட்டுகிறவனோ மூட்டை தூக்குகிறவனோ அவள் வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊருக்கெல்லாம் மிதித்த கால் புருசன் மேல் மட்டும் பட்டதில்லை. கட்டினவனை மிதிப்பாளா ஒருத்தி? ராசப்பனும் கேட்டதில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு திரிவானே தவிர, பெண்டாட்டி காலுக்கு முதுகைக் கொடுக்க மாட்டான். அவ்வளவு வீராப்பு.

இன்றைக்கு அவனே கேட்டான். விடியலில் கிணற்றில் எருது பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கப் போனவன், அவற்றைத் தம்பி அப்புசாமியிடம் விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். வடத்தை இழுத்ததில் நெஞ்சில் சுளுக்கு விழுந்துவிட்டதாம். மேலே நெல்மூட்டையை வைத்த மாதிரி இருக்கிறது, மிதித்து எடு என்று குப்புறப் படுத்துவிட்டான். அவன் வாயைத் திறந்து கேட்டதே அவளுக்குப் பயமாக இருந்தது.

விளக்கெண்ணெயைத் தடவி மிதித்தாள். சுளுக்கு இருக்கிற இடம் அவள் காலுக்குத் தெரியும். கயிற்றில் முடிச்சு மாதிரித் தட்டுப்படும். அதன்மேல் குதிகாலை வைத்தால் எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் அலறுவான். ராசப்பன் முதுகில் முடிச்சே இல்லை. தோள், விலா, நடுமுதுகு, எங்கே அழுத்தினாலும் அவன் 'உம்' என்றுகூடச் சொல்லவில்லை.

"இங்கீங்களா நோவு?"

"அங்கெல்லாம் இல்ல. உள்ளுக்குள்ள."

உள்ளுக்குள்ளே சுளுக்குக்கு என்ன வேலை? அவளுக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் மாமனார் தன் மருமகள் காலைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்பன் எதிரில் அலற வெட்கப்பட்டு அடக்கிக்கொள்கிறானாக்கும் என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து, நோவு விட்டுவிட்டது என்று சிரித்தான். இத்தனை வருசம் இந்தக் காலைச் சும்மா வைத்திருந்தேனே என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கம்மங்கூழைக் குடித்துவிட்டு மறுபடியும் கிணற்றுக்குக் கிளம்பினான். பங்காளிகளோடு பொதுக் கிணறு. இன்றைய முறையை விட்டால் சோளம் காய்ந்துவிடும். அப்புசாமி பார்த்துக்கொள்வான், இருங்கள் என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

வெயில் ஏறுமுன் அப்புசாமியே அவனைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தான். நோவு இடது தோளிலிருந்து கை வழியே சுண்டுவிரல் வரைக்கும் ஓடுகிறது என்றான் ராசப்பன். மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எறங்குது பாரு. சுளுக்கு எறங்குது. வெரல் வழியாப் போயிரும்."

அது அவள் கற்றுக்கொடுத்த பேச்சு. மிதி வாங்கியவர்களிடமெல்லாம் 'தோள்ல இருந்தது கைக்கு எறங்கிருச்சு, இனிப் போயிரும்' என்று அவள் சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். இப்போது அதை அவளுக்கே திருப்பிச் சொன்னார்கள். தாடைவரை கடுக்கிறது என்றான் ராசப்பன். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வேர்ப்பது நல்லதுதான், நோவு வெளியேறுகிறது என்றார் மாமனார். அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். கவலை ஓட்டிவிட்டு வந்தவன் கை கிணற்றுத் தண்ணீர் மாதிரிச் சில்லிட்டிருந்தது.

"மாமா, இது சுளுக்கு இல்லீங்க. நாமக்கல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிரலாமுங்க."

"நீதான ஆத்தா எறங்குனாப் போயிரும்ப?"

"நாஞ் சொன்னது தப்புங்க. மிதிக்கறப்பவே தெரிஞ்சுதுங்க. முடிச்சே தட்டுலீங்க."

ராசப்பனோ ஆசுபத்திரியெல்லாம் வேண்டாம், இன்னொரு மிதி மிதித்தால் சரியாகிவிடும் என்று மறுபடியும் குப்புறப் படுக்கப் பார்த்தான். அவளுக்கு வந்தது ஆத்திரம். இனி என் கால் உங்கள் மேல் படாது என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பூட்டும்படி கொழுந்தனிடம் கத்தினாள். மாமனார் எதிரில் அவள் குரல் அதுவரை உயர்ந்ததில்லை. எருதுகள் கிணற்றடியில் நின்றன. அவற்றை அவிழ்த்து ஓட்டிவந்து வண்டியில் பூட்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வண்டியில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் தண்ணீர் கேட்டான். மூச்சு முட்டுகிறது என்றான். அதற்குப் பிறகு பேசவில்லை. நாமக்கல் மலை நன்றாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் மடியில் தலை கனத்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்த அப்புசாமியிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் திருப்பிவிடுவான். பெண்டாட்டி மிதித்துச் செத்தான் என்று நாளைக்கு ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் அது நிசமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆசுபத்திரி வாசலில் டாக்டர் வெளியே வந்து வண்டியிலேயே பார்த்தார். குழாயை வைத்துக் கேட்டார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார். அப்புசாமி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தானுங்க சாமி. வந்த ஒடனே பூட்டிட்டமுங்க," என்றான் அப்புசாமி. அண்ணியைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய்.

"இல்லீங்க," என்றாள் கண்ணாத்தாள். "விடியறப்பவே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வந்தாருங்க. சுளுக்குன்னு நாந்தான் மிதிச்சேனுங்க. எந்திரிச்சு மறுபடியும் கவலை ஓட்டப் போனாருங்க. நான் மிதிச்சதுலதான் போயிட்டாருங்களா?"

"மிதிச்சதால ஒண்ணும் இல்லம்மா."

"அப்பவே கொண்டாந்திருந்தாப் பொழைச்சிருப்பாருங்களா?"

டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினார்.

"உறுதியாச் சொல்ல முடியாது. படுக்க வச்சு, வலிக்கு ஊசி போட்டிருப்போம். மறுபடியும் கவலை ஓட்ட விட்டிருக்க மாட்டோம்."

அவள் தலையை ஆட்டினாள். அழுகை வரவில்லை. அப்புசாமி துண்டால் அண்ணன் முகத்தை மூடிவிட்டு, எருதுகளைத் திருப்பினான். வண்டித் தட்டு குறுகல். அவள் ஓரமாக ஒண்டி, இரண்டு பாதங்களையும் சேலைக்குள் இழுத்து மடக்கி அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பாதி வழியில் அப்புசாமி திரும்பிப் பார்த்துவிட்டு, காலை நீட்டி உட்காரச் சொன்னான். அவள் நீட்டவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றபோது கால்கள் மரத்துப்போய், அவளை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள்.