சத்தம் வராத சைக்கிள்

...சத்தமே வராது என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறான், ஏதோ வரம் கொடுக்கிறவன் மாதிரி. சட்டையில் திலீப் என்று பெயர் குத்தியிருந்த அந்தக் கடை ஆள், "அஸலு சவுண்ட் ராது மேடம், மேக்னெட்ல ஓடறது, பக்கத்துல பாப்பா தூங்கிக்கினு இருந்தாக்கூட எழுந்துக்காது" என்று சொல்லச் சொல்ல யசோதா தலையை ஆட்டினாள், ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று இருந்தது, சத்தம் வராத ஒன்றை வீட்டில் வைத்தால் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று அடுப்படியிலிருந்து எப்படித் தெரியும்? நகரியில் அவள் வீட்டில் சத்தம் நின்றால்தான் எழுந்து ஓடுவார்கள். கூடத்தை ஒட்டிய ஷெட்டில் பவர்லூம் தறிகள் காலையில் பிடித்தால் பொழுது சாயும்வரை அடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கிறவரை எல்லாம் சரி, ஒரு தறி நின்றால் இழை அறுந்திருக்கிறது, எல்லாம் நின்றால் கரண்ட் போயிருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. இங்கே திருப்பதியில் ஏர் பைபாஸ் ரோட்டு உடற்பயிற்சி மெஷின் கடையில், கண்ணாடிக்கு வெளியே மலை வெயிலில் நீலமாக நிற்க, உள்ளே வரிசையாக மெஷின்கள் தங்களுக்கும் உலகத்துக்கும் சம்பந்தமில்லாத மாதிரி பளபளவென்று நிற்கின்றன. ஓரத்து பெஞ்சில் அவள் புருஷன் கோவர்த்தனன் உட்கார்ந்திருந்தார், வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடையதோ குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறவர் போல. அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை. கடையின் மறுகோடியில் ஒரு டிரெட்மில்லின் மேல் ஓடிப் பார்த்துக்கொண்டிருந்த குண்டுப் பையனின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், தறிக்காரன் அடுத்தவன் தறியைப் பார்க்கிற பார்வை அது, எங்கே தப்பு என்று தேடுகிற பார்வை.

வாங்குவதா வேண்டாமா... பஸ்ஸில் புத்தூர் தாண்டும்போதே கிஷோர் போன் செய்துவிட்டான், சத்தியவேடு பக்கம் கம்பெனியில் வேலை, இடைவேளையில் பேசுகிறான், பின்னால் யாரோ டம்ளர் வைக்கிற சத்தம். "அம்மா, போய்ப் பாத்துட்டு யோசிச்சு சொல்றேன்னு திரும்பி வந்துடாத. வாங்கிப் போட்டுடு. ஆனா ஒண்ணு, சைக்கிள் வந்துச்சுன்னா நைனா அப்பறம் ஷெட்டுக்குள்ள காலை வெக்கக் கூடாது, பூட்டு போட்டு சாவி உன் இடுப்புல இருக்கணும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்க நைனா என் பக்கத்துலதான் கீறாருடா, காது நல்லாத்தான் கேக்குது" என்றாள். "கேக்கட்டும், அவருக்குந்தான் சொல்றேன்" என்றான். நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை. பயப்படாமல் என்ன செய்வான், போன வாரம் வேட்டி விளிம்பு தறியின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டதை அவனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் கிழிந்த துண்டு கொடியில் கிடந்ததை அவனே பார்த்துவிட்டானே. அவள் மெயினை அணைத்துவிட்டு ஓடியபோது இவர் தறிச் சட்டத்தைப் பிடித்தபடி பாதி வேட்டியுடன் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், வாய் ஒரு பக்கம் மட்டும் போகிற அந்தச் சிரிப்பு. அவளுக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது. அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள், சிரித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் தாமதித்திருந்தால்? வேட்டிக்குப் பதில் காலாக இருந்திருந்தால்?

ஆனால் அந்த ஷெட்டுதானே அவரை நிற்க வைத்தது. இதைக் கிஷோருக்கு எப்படிச் சொல்வது, அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறவன், ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. பக்கவாதத்துக்குச் சேர்த்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, "நட பெத்தாயனா, நட நட" என்று சொன்னபோது வலது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி வரவே மாட்டேன் என்றது. வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒரு காலை, நாற்காலியில் இருந்தவர் சுவர் ஓரத்துப் பழைய தறியைக் காட்டிக் காட்டி, அதை மட்டும் ஓட்டு, மற்றதை நிறுத்து என்று சைகை செய்தார். எதற்கு என்று புரியாமலே ஓட்டினாள். அது மற்றதைவிடக் கொஞ்சம் மந்தமாக அடிக்கும். அவர் எழுந்து இடது கையால் சட்டத்தைப் பிடித்து நின்றார், நின்றபடி காதைக் கொடுத்தார், தறி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, பாட்டுக்காரன் தன் இடம் வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரி அவர் காத்திருந்தார், பிறகு ஓர் அடியோடு சேர்ந்து வலது கால் தரையை விட்டு எழுந்தது. ஒரே ஓர் எட்டு. யார் சொல்லிக் கொடுத்தது இதை? வாரத்துக்கு ஒரு தடவை புத்தூரிலிருந்து வருகிற பிசியோ தரணிகூட முதலில் நம்பவில்லை, பார்த்துவிட்டு, "அங்கிள், நான் படிச்சுத் தெரிஞ்சுக்கினதை நீங்க எங்கேர்ந்து புடிச்சீங்க" என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாளாக ஆக இரண்டு எட்டுக்கு நடுவில் தறி அடிக்கிற அடிகள் குறைந்துகொண்டே வந்தன. யசோதா வேலை செய்கிற சாக்கில் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். மனிதர் யாரிடமும் சலித்துக்கொண்டதில்லை, எனக்கு ஏன் இப்படி என்று ஒரு நாள் முகத்தில் காட்டியதில்லை, விழுந்தால் விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து தறியின் அடிப்பக்கத்தைப் பார்த்து எங்கே எண்ணெய் போட வேண்டும் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இப்படி ஒருவரோடுதான் இவ்வளவு காலம் குடித்தனம் செய்திருக்கிறோமா என்று இப்போதுதான், இந்த வயதில், கூச்சமாகக்கூட இருக்கிறது, ஒளிந்து நின்று பார்க்கிறாள், புதுப்பெண் மாதிரி.

பேச்சு வராததைப் பற்றித்தான் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், அவளுக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகல் முழுக்க அவர்கள் பேசியது கையால்தான், தறிச் சத்தத்தில் வாயால் பேசி என்ன ஆகப் போகிறது. இரண்டு விரலைக் கத்திரி மாதிரி வெட்டினால் இழை அறுந்தது, கட்டை விரல் உதட்டுக்குப் போனால் டீ, உள்ளங்கையை விரித்து மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினால் வேண்டாம், வயிற்றுக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டால் நூல் கொடுக்கிற தொப்பைக்கார ரங்கையா வந்திருக்கிறார். ரங்கையாவே ஒரு நாள் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நான் வந்தா மட்டும் ரெண்டு பேரும் வயித்தைத் தடவிக்கறீங்க, நான் இன்னா சோறா" என்று கேட்டார். அதனால்தான் நோய் வந்த நாளில் அவளுக்குத் தெரியவில்லை... வலது கையால் பேசுகிறவர் அன்றைக்கு இடது கையால் டீ கேட்டார், மற்ற கையில் ஏதோ வேலை என்று நினைத்தாள், டீ கொடுத்தாள், வாயின் ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது, துடைத்துக்கொண்டார், தறி அடித்துக்கொண்டே இருந்தது, எல்லாம் சரி. பிறகு கரண்ட் போனது. அந்த அமைதியில், மதியத்துக்கு இன்னா செய்யட்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டாள், அவரும் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார், எப்போது ஆரம்பித்தது, நேரம் தெரிந்தால் போதும், எப்போது. அவளால் சொல்ல முடியவில்லை. பேசிக்கொண்டிருந்த மனிதன் பேச்சை நிறுத்தினால்தானே நேரம் தெரியும், பகலில் யாருமே வாயைத் திறக்காத வீட்டில் வாய் எப்போது போனது என்று யார் கண்டது?

வலது கை அப்படியே போய்விட்டது, அதுவும் உண்மை. கால் திரும்பி வந்தது, கை வரவில்லை, தரணி ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள், பந்து உருண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனதுதான் மிச்சம். மடங்கின விரல்களை யசோதாதான் பிரித்துக் கழுவிவிடுவாள், நகம் வெட்டுவாள். இடது கைதான் இப்போது வாய். முதலில் அந்த வாய் குழறியது, கத்திரி விரல் கட்டை விரல் மாதிரி தெரிந்து, இழை அறுந்தது என்று அவர் சொல்ல இவள் டீயைக் கொண்டுபோய் நீட்டுவாள், மனிதர் அறுந்த இழையைப் பார்த்தபடியே டீயையும் குடித்துவிட்டு மறுபடி கத்திரி காட்டுவார், ஒரு காலையில் இப்படியே டீயாகக் குடித்து வயிறு உப்பிப் போனது. இப்போது இடது கை நன்றாகப் பேசுகிறது, கேலிகூடப் பேசுகிறது. அந்தக் கையை விட்டு அவள் கண் நகர்வதே இல்லை.

"மேடம், சாரை ஒரு தடவை ஏத்திப் பாக்கலாமா?" திலீப் குனிந்து பெடலைத் துடைத்தான். ஏற்றிப் பார்ப்பதில் என்ன, வாங்க வேண்டும் என்று இல்லையே... பாகாலாவில் நாத்தனார் பிரமிளா ஆசை ஆசையாக டிரெட்மில் வாங்கிப் போட்டாள், போன தீபாவளிக்குப் போனபோது அதன் மேல் நாலு பாவாடையும் அவள் புருஷனின் ரயில்வே சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன, "வாங்குங்க அண்ணி, மழைக்காலத்துல ரொம்ப உதவும்" என்றாள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு. அப்படித்தான் ஆகுமோ. தரணி சைக்கிள் நல்லது என்கிறாள், விழுகிற பயம் இல்லை என்கிறாள், ஆனால் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, சைக்கிள்ல நல்ல கால் வேலை செய்யும், இன்னொரு கால் சும்மா கூடவே போய் வரும், நாமதான் அதையும் வேலை வாங்கணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். சும்மா கூடவே போய் வருகிற கால். ஷெட்டில் அப்படி ஒன்றும் சும்மா நடக்கவில்லை, ஒவ்வோர் எட்டையும் அந்தக் காலிடமிருந்து பிடுங்கித்தான் வாங்கினார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மனிதரைக் கூடத்தில் சத்தமில்லாத ஒன்றின் மேல் ஏற்றி உட்கார வைத்து, அந்தப் பக்கம் தறிகளெல்லாம் சேர்ந்து அடிக்க இந்தப் பக்கம் இவர் எதைக் கேட்டுக் காலை எடுப்பார்? ஆனால் பெல்ட். ஆனால் அந்தக் கிழிந்த வேட்டி.

முதுகுக்குச் சாய்மானம் வைத்த சைக்கிள் அது. திலீப்பும் அவளுமாகப் பிடித்து ஏற்றினார்கள், வலது பாதத்தைப் பெடலில் வைத்து வாரால் கட்டினான், வலது கையையும் எடுத்துக் கைப்பிடியின் மேல் வைத்தான், மரியாதையாக, சாமிக்குத் தேங்காய் வைக்கிற மாதிரி. "தொக்கண்டி சார், மெல்லகா" என்றான். கோவர்த்தனன் மிதித்தார். உண்மைதான், சத்தமே இல்லை, கால்கள் மட்டும் மேலும் கீழும் போயின, கண்ணை மூடிக்கொண்டால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சங்கடம், தலையைச் சாய்த்து எதையோ கேட்கப் பார்த்தார். அப்புறம் மறுகோடியில் டிரெட்மில் பையனின் ஷூ தப்புத் தப்பென்று விழுவது காதில் பட்டிருக்க வேண்டும், இவர் கால் அதோடு போய்ச் சேர்ந்துகொண்டது, அவன் தடுமாறினால் இவரும் நிற்கிறார், அவன் பிடித்தால் இவரும் பிடிக்கிறார். பொல்லாத மனுஷன், கிடைத்த சத்தத்தைத் திருடிக்கொள்கிறார். யசோதா நாலு தப்படி பின்னால் வந்து நின்று பார்த்தாள், ஷெட்டில் நிற்கிற அதே தூரத்தில். அவர் அவளைத் தேடினார், கண்டுபிடித்தார், இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

வேண்டாம்.

"சார் இன்னா சொல்றாரு மேடம்?" "வேணாங்கறாரு" என்றாள். அதற்குள் அவர் இன்னும் சொன்னார், இடது கை காற்றில், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவைப் போல் போய்ப் போய் வந்தது, வீடு, தறி, நான் பார்த்துக்கறேன், உன் பிள்ளைக்குச் சொல்லு, வயிற்றுக்கு முன்னால் ஒரு வட்டம்கூட வந்தது, திலீப்பின் தொப்பையைப் பார்த்துவிட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சரி, போகலாம், மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம், கிஷோரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், பெல்ட்டுக்கு ஒரு தடுப்பு அடிக்கச் சொல்லலாம் என்று பாதி முடிவுகூட வந்துவிட்டது... கால் நிற்கவில்லை, மிதித்துக்கொண்டேதான் இருக்கிறார். இடது கை இவ்வளவு நீளமாகப் பேசுகிறதே, அப்படியானால் இவர் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? ஷெட்டில் நடக்கும்போது அவரால் பேச முடியாது, பேசுகிற கைதான் பிடிக்கிற கையும், பேச வேண்டுமென்றால் நிற்க வேண்டும், சட்டத்தில் சாய்ந்துகொள்ள வேண்டும். அவள் கண்ணை முதல் முறையாக அந்தக் கையை விட்டு நகர்த்தினாள். கைப்பிடியின் மேல் வலது கை இருந்தது. திலீப் வைத்த மாதிரி இல்லை. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி உள்பக்கமாக மடங்கி, மூட்டுகள் வெளுத்துப்போய், உடம்பு அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் அதைப் பிடித்து இழுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தன. அவருக்கு அது தெரிந்த மாதிரி இல்லை. அவர் கவனம் முழுக்க அந்த வேண்டாமில்தான் இருந்தது.

அவள் சட்டென்று வெளியே மலையைப் பார்த்தாள். தான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டால் விரல்கள் விட்டுவிடும் என்று ஏனோ பட்டது. கை திரும்பி வந்தது இன்றைக்குத்தானா, இந்தச் சைக்கிளில்தானா, இல்லை வீட்டிலேயே எப்போதோ தொடங்கிவிட்டதா, டம்ளரைத் தள்ளும்போதோ, போர்வையை இழுக்கும்போதோ, அவள் அந்த இன்னொரு கையின் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தபோது...

"பாவம் மேடம், சாருக்கு எப்பலேர்ந்து?" திலீப் குரலைத் தாழ்த்திக் கேட்டான். அவன் நோயைத்தான் கேட்டான்.

"தெரியலப்பா" என்றாள் யசோதா, மலையைப் பார்த்தபடியே. "கொஞ்ச நேரம் ஓட்டிக்கினு இருக்கட்டும். எறக்கிடாத."