நாலு விரற்கடை

சகாயமேரியின் கால்கள் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்ந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. அதில் அவளுக்குப் பெரிய சிரமம் இல்லை. செருப்பு தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை காலை விடுதி வராந்தாவைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத்தில் நடந்துபோன பெண்களில் அவளுக்கு மட்டும் காலடி பதியவில்லை. வார்டன் ஜெபமணி குனிந்து பார்த்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"பதினொண்ணு, மேடம்."

"ரூல் பதினாலு தெரியுமா?"

தெரியாது. வார்டன் சொன்னார். தரையில் இல்லாத மாணவி, தான் நலமாக இருப்பதாக மதிப்பீட்டுக் குழுவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவரை ஹால் டிக்கெட் கிடையாது.

திங்கட்கிழமை அவளுக்கு அரியர் பரீட்சை. தாவரவியல், இரண்டாம் தாள். அதை எப்படியாவது எழுதிவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

"ஒன் நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு வார்டன் அவள் அறையைப் பூட்டினார்.

மருத்துவ மையம் நடைவழியின் கடைசியில் இருந்தது. நேற்றுவரை அந்த நடைவழி நாற்பது அடி. இன்று அதன் நடுவில் ஒரு பஸ் நிறுத்தம் வந்திருந்தது. பஸ் நிற்காமல் போயிற்று. மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் அவளால் போய்ச் சேர முடிந்தது.

டாக்டர் நெல்லையப்பன் அவளை எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொன்னார். அவள் அதற்கு மேலே நின்றாள். முள் அசையவில்லை.

"பூஜ்யம்" என்றார் டாக்டர். "ஆள் வரலியா?"

"நாந்தான் சார்."

"ரூமுக்கு வந்திருக்கீங்க. மெஷினுக்கு வரலியே."

"குதிச்சுப் பாக்கட்டுமா?"

"குதிச்சா இன்னும் மேலதாம்மா போவீங்க."

படிவத்தில் 'ஆஜராகவில்லை' என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது.

"ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா சார்?"

டாக்டர் படிவத்தை முழுக்கப் பார்த்தார். திருப்பி, பின்பக்கமும் பார்த்தார். உண்மையாகவே வருந்தினார்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

வெள்ளிக்கிழமை குழு கூடியது. மூன்று நாற்காலிகள். ஒரு பக்கம் வார்டன், மறுபக்கம் டாக்டர். நடு நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. குழுத் தலைவர் இரண்டு வருடம் முன்பு வந்து அதைப் போட்டுவிட்டு வெளியே போனவர். துண்டு இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறார். அன்று முதல் எல்லாக் கூட்டமும் அதன் தலைமையில்தான் நடந்தது. ஒரு கூட்டத்துக்குக்கூட அது தாமதமாக வந்ததில்லை.

"மாணவி ஆஜராகவில்லை" என்று டாக்டர் வாசித்தார்.

"இங்கதான சார் நிக்கேன்."

"சேர்ல உக்காரு, பாப்போம்" என்றார் வார்டன்.

உட்கார்ந்தாள். வார்டன் ஒரு மர ஸ்கேலை எடுத்து அவளுக்கும் நாற்காலிக்கும் நடுவே விட்டார். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.

"ஆள் இல்ல" என்றார்.

வாசலில் பேச்சியக்கா வாளியோடு காத்திருந்தார். கூட்டம் முடிந்தால்தான் அவர் தரையைத் துடைக்க முடியும்.

"ஏட்டி, அவருக்கு ஒரு நியாயம், ஒனக்கு ஒரு நியாயமா? நீயும் துண்டப் போடு. எனக்கு வேல கெடக்கு."

சகாயமேரி எழுந்து தன் மஞ்சள் துப்பட்டாவை நாற்காலியில் போட்டாள். வார்டன் ஸ்கேலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"வந்துட்டாங்க" என்றார் டாக்டர். அவர் முகம் தெளிந்தது. டீ வரவழைத்தார். துப்பட்டாவுக்கு முன்னாலும் ஒரு டம்ளர் வைத்தார்கள்.

"சீனி போதுமாம்மா?" என்று வார்டன் அதனிடம் கேட்டார்.

டாக்டர் அதன் பக்கம் சாய்ந்தார். "சொல்லும்மா. என்ன ஆச்சு?"

இந்தப் பன்னிரண்டு நாளில் யாரும் இதைக் கேட்டதில்லை.

துப்பட்டா சொன்னது. இத்தனை நாளும் அவள் கண்ணைத் துடைத்தது அதில்தான் என்பதால், அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது. அரியர் விழுந்தது. வீட்டில் பாஸ் என்று சொன்னது. அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தது. எதிர்வீட்டு நாய்க்கும் ஒன்று கொடுத்தது. மறுநாள் அவர் போன் செய்து, "ரெண்டு மிச்சம் இருக்கு தாயீ, ஒனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றது. அந்தப் போனை வைத்தபோதுதான் கால் முதலில் எழும்பியது.

சகாயமேரி சுவரோரம் மிதந்தபடி கேட்டாள். தானே சொல்லியிருந்தால் இவ்வளவு கோவையாக வந்திருக்காது என்று அவளுக்குப் பட்டது. லட்டு வந்த இடத்தில் கண்ணைத் துடைக்கத் தோளில் துப்பட்டாவைத் தேடினாள்.

வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எட்டு பேப்பர் வச்சிருந்தேன்" என்று துப்பட்டாவிடம் ரகசியமாகச் சொன்னார். "எங்கப்பாவுக்கு இன்னும் தெரியாது."

மின்விசிறி ஓடவில்லை. வெள்ளைத் துண்டின் ஓரம் மட்டும் லேசாக அசைந்தது.

"தலைவர் ஆமோதிக்கிறார்" என்றார் டாக்டர்.

சான்றிதழும் ஹால் டிக்கெட்டும் தயாராயின. பதிவெண் சரியாக இருந்தது. பெயர்: துப்பட்டா (மஞ்சள்).

"திங்கக்கிழம பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்துரு" என்று டாக்டர் சகாயமேரியிடம் சொன்னார். "அவங்களால பேனா பிடிக்க முடியாது. பரீட்சை எழுதிக் குடுக்க ஒரு ஆள் வச்சுக்கலாம். அதுக்கு ரூல் இருக்கு."

"நானே வரலாமா சார்?"

"தாவரவியல் தெரியுமா?"

"படிச்சிட்டிருக்கேன்."

பேச்சியக்கா அதற்குள் வாசல்வரை துடைத்து முடித்திருந்தார். டாக்டர் வெறுங்காலோடு முதலில் போனார். வார்டன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். சகாயமேரி தரையைப் பார்த்தாள். ஈரம் அப்படியே பளபளத்தது. ஒரு காலடிகூட இல்லை.

"எப்படிப் பதவிசா போறாங்க, பாரு" என்றார் பேச்சியக்கா.

சகாயமேரி துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அது கனத்தது. ஓர் அடி எடுத்து வைத்தாள். உள்ளங்காலில் சில்லென்று ஏதோ பட்டது.

"ஏட்டி! இப்பத்தான தொடச்சேன்!"

ஐந்து விரலும் குதிகாலும் தரையில் தெளிவாகப் பதிந்திருந்தன. பேச்சியக்கா மாப்பை ஓங்கிக்கொண்டு வந்தார்.

சகாயமேரி அடுத்த காலையும் வைத்தாள்.